போர் முரசும் அடுப்படிப் பேச்சும்

ருஷிய நாட்டில் 2022 மார்ச்சு 4ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேறிற்று. தம் நாட்டுப் படையைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புவோர்க்கு 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை என்பது அதன் சாரம். எது மெய், எது பொய் என்று முடிவு செய்யும் அதிகாரமும் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. அதற்கு எட்டு நாள் முன்பு, பிப்ரவரி 24ஆம் நாள், அந்நாட்டுச் சேனை உக்ரேனுக்குள் புகுந்திருந்தது. பீரங்கிகள் முழங்கின, ஊர்கள் எரிந்தன. ஆயினும் அதனைப் போர் என்று சொல்லலாகாது; 'சிறப்பு இராணுவ நடவடிக்கை' என்றே பத்திரிகைகள் எழுத வேண்டும் என்றாயிற்று.

இதைப் பற்றி நம் சங்க வாசகசாலையில் பேச்சு எழுந்தபோது அன்பர் ஒருவர் நம்மை நோக்கி, "அவ்வளவு படித்த ஜனங்கள், பெரிய பெரிய நூல்கள் பிறந்த நாடு. சர்க்கார் சொல்லுவதையெல்லாம் அவர்கள் எப்படி ஐயா நம்புகிறார்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை தேடி மாஸ்கோ வரை போக வேண்டுவதில்லை. நம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த வாழ்விலேயே அவ்விடை கிடக்கிறது என்பது நம் எண்ணம். அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

இது நமக்குத் தொடர்பற்ற தூரதேசத்துச் செய்தியும் அன்று. திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே செல்லும் வண்டியில் ஏறிக் கடக்காவூர் நிலையத்தில் இறங்கினால், சற்றுத் தொலைவில் அஞ்சுதெங்கு என்னும் மீனவர் ஊர் உள்ளது. தெற்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிப் பொழியூர் உள்ளது. இக்கடற்கரை ஊர்களைச் சேர்ந்த இளைஞர் சிலர், ருஷியாவில் காவற்காரர் வேலை, கைந்நிறையச் சம்பளம் என்ற வாக்கை நம்பிப் புறப்பட்டனர். போன இடத்தில் அவர்கள் கையெழுத்திட்ட தாள் இராணுவ ஒப்பந்தமாக இருந்தது. சில நாள் பயிற்சிக்குப் பின் கையில் துப்பாக்கி கொடுத்துப் போர்முனைக்கு அனுப்பினர். 2024 ஏப்ரலில் இருவர் காயங்களுடன் ஊர் திரும்பினர். மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்து, ஆள் அனுப்பிய முகவர் சிலரைக் கைது செய்தது. ஜூலையில் மாஸ்கோ சென்ற நம் பிரதமர் இதனை ருஷியத் தலைவரிடம் எடுத்துரைத்தார். 2025 ஜனவரியில் திருச்சூர் மாவட்டத்து இளைஞர் ஒருவர் போர்முனையில் மாண்ட செய்தி வந்தது. அப்போது நம் வெளியுறவு அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, ருஷியப் படையில் சேர்ந்த இந்தியர் 126 பேர். திரும்பியோர் 96 பேர். இறந்தோர் 12 பேர். காணாமற் போனோர் 16 பேர். ஆகவே, அந்தப் போரைப் பற்றி அந்நாட்டு எளிய மக்கள் என்ன நினைக்கின்றனர் என்று அறிவதில் நமக்கும் அக்கறை உண்டு.

அவர்கள் நினைப்பதை எங்ஙனம் அறிவது? லெவாதா என்னும் கருத்தாய்வு நிலையம் மாஸ்கோவில் உள்ளது. அந்நாட்டு அரசாங்கமே அதனை 2016இல் 'அந்நிய ஏஜண்டு' என்று முத்திரை குத்திற்று. எனவே அது அரசாங்கத்தின் ஊதுகுழல் அன்று. படையின் செயலை ஆதரிக்கிறீர்களா என்று அந்நிலையத்தார் மாதந்தோறும் கேட்டு வந்தபோது, பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆம் என்றே கூறி வந்தனர். ஆனால், போரைத் தொடர வேண்டுமா, சமாதானப் பேச்சைத் தொடங்க வேண்டுமா என்ற மற்றொரு கேள்விக்கு, பெரும்பாலான மாதங்களில் பாதிக்கு மேற்பட்டோர் சமாதானப் பேச்சே வேண்டும் என்றனர். ஒரே வாயில் இரு சொல்! இதனைப் பொய் என்பதா, பேதைமை என்பதா?

இரண்டும் அன்று. முகமறியாத ஒருவர் வீட்டுக்கு வந்து, "அரசாங்கத்தின் செயல் உமக்குச் சம்மதமா?" என்று கேட்டால், 15 ஆண்டுச் சிறையை நினையாதவர் எவர்? அலெக்சி கோரினோவ் என்பவர் மாஸ்கோ நகரின் ஒரு வட்டாரக் கவுன்சிலர். குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்தலாம் என்று கவுன்சிலில் பேச்சு வந்தபோது, உக்ரேனில் குழந்தைகள் மாண்டுகொண்டிருக்கையில் இது தகுமா என்று அவர் கேட்டார். போர் என்ற சொல்லையும் வாய்விட்டுச் சொன்னார். 2022 ஜூலையில் அவருக்கு 7 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஒன்றும் எழுதாத வெறுந்தாளை ஏந்தித் தெருவில் நின்றோரையும் காவலர் பிடித்துச் சென்றனர். இவற்றைக் கண்ட எளிய குடும்பத்தான் வாயடைத்துப் போவதில் வியப்பில்லை.

அச்சம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட இயலாது. பலர் உண்மையாகவே நம்புகின்றனர். நம்புவது அவர்களுக்கு ஒருவகையில் தேவையாகவும் இருக்கிறது. மகனைப் போருக்கு அனுப்பிய தாய், "இப்போர் வீண்" என்று ஒப்புக்கொண்டால், அவன் இறந்தால் எதற்காக இறந்தான் என்ற கேள்விக்கு விடையின்றித் தவிப்பாள். "நாட்டைக் காக்கப் போனான்" என்ற சொல் அவளுக்கு ஒரு ஊன்றுகோல். அரசாங்கம் அந்த ஊன்றுகோலை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருகிறது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் முன் வந்து நின்றது. கடற்கரையில் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு இருளில் மறைந்தது. தொட்டிகள் எரிந்தன, சிலர் மாண்டனர். பிரிட்டிஷ் கடற்படை காக்கும் கரையில் பகைவன் அடிவைக்க முடியாது என்று கேட்டுப் பழகியிருந்த மக்கள், அடுத்த நாள்களில் மூட்டை முடிச்சுடன் நகரை விட்டு வெளியேறினர். அஞ்ச வேண்டா என்ற அறிவிப்பு அவர்களைத் தடுக்கவில்லை. நவம்பர் 9ஆம் நாள் அக்கப்பல் கோகோஸ் தீவருகே அழிந்தொழிந்தது. ஆனால் அதன் பெயர் அழியவில்லை. எதற்கும் அஞ்சாத கெட்டிக்காரனைத் தமிழர் 'எம்டன்' என்றனர். மலையாளிகள் மிகப் பெரிய பொருளை 'எமண்டன்' என்கின்றனர். நம் சாலைக் கடைத்தெருவில் இவ்விரு சொற்களையும் ஒரே நாளில் கேட்கலாம். அரசாங்கத்தின் பகைவனுடைய கப்பலுக்கு மக்கள் தம் நாவில் சூட்டிய பட்டம் இது. அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை, கூட்டம் போடவில்லை. ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டனர்.

அந்தக் கப்பலில் நம் திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்ற பேச்சும் பரவிற்று. இன்றும் அதனைச் சொல்வோர் உண்டு. அவர் ஜெர்மனியில் இருந்து இந்திய விடுதலைக்குப் பாடுபட்டது மெய். ஆனால் கப்பல் சென்னைக்கு வந்த நாளில் அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார் என்பதே ஆய்வாளர் முடிவு. அரசாங்கத்தின் பேச்சை நம்பாத மக்கள் மெய்யை மட்டுமே பேசினர் என்று எண்ணலாகாது என்பதற்காக இதைக் குறித்தோம். மேலிருந்து பிரசாரம் பொழியும்போது கீழிருந்து வதந்தி முளைக்கும். இரண்டுக்கும் நடுவே மெய் மூச்சுத் திணறும்.

அடுத்தது இரண்டாம் உலகப் போர். 1939 செப்டம்பர் 3ஆம் நாள், இந்தியத் தலைவர் எவரையும் கேளாமலே, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று வைசிராய் அறிவித்தார். கலக்கம் விளைக்கும் செய்தி பரப்புவோரைத் தண்டிக்க இந்தியப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1942இல் வதந்திகளை ஒடுக்குவதற்கென்றே 'தேசியப் போர் முன்னணி' ஒன்றையும் அரசாங்கம் அமைத்தது. ருஷியாவின் புதுச் சட்டத்தைப் படித்தபோது நமக்கு இவையே நினைவுக்கு வந்தன. வெல்லவொண்ணாக் கோட்டை எனப் பெயர் பெற்ற சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும், 6இல் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியர் குண்டு வீசினர். சென்னை மறுபடியும் காலியாயிற்று.

அக்காலத்தில் எம் கொள்ளுப் பாட்டனார் சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதி வந்தார். அவர் மகளான எம் பாட்டியார் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி. திருவாங்கூர் நாட்டில் விளையும் நெல் ஊருக்குப் போதாது. பர்மா அரிசி கப்பலில் வந்தே பானை நிறையும். இரங்கூன் வீழ்ந்ததும் அவ்வரவு நின்றது. மண்டியின் கதவு பாதி நாள் சாத்திக் கிடந்தது. வீடுகளில் மரச்சீனிக் கிழங்கு வெந்தது. பர்மாவிலிருந்து காட்டு வழியே கால்நடையாய்த் தப்பி வந்தோர், சுவரொட்டிகளில் இல்லாத செய்திகளைச் சொன்னார்கள். எம் பாட்டியார் அக்காலத்தைப் பற்றிக் கூறும்போதெல்லாம், "சர்க்கார் தினமும் ஜெயித்துக்கொண்டே இருந்தது; எங்கள் அரிசிப் பானை தினமும் தோற்றுக்கொண்டே இருந்தது" என்பார். அவர் எழுதப் படிக்கச் சிறிதே அறிந்தவர். ஆயினும் போர்ச் செய்தியைப் பரிசோதிக்கும் உரைகல் அவர் அடுப்படியிலேயே இருந்தது.

அந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளை, அதாவது பாட்டியாரின் தமையனார், மலாயாவில் இரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தார். 1942க்குப் பின் கடிதமும் வரவில்லை, மணியார்டரும் வரவில்லை. அங்கே வேறொரு முரசு ஒலித்துக்கொண்டிருந்தது. 'ஆசியா ஆசியருக்கே' என்றனர் ஜப்பானியர். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் அவர்கள் ஓர் இரயில்பாதை போடத் தொடங்கினர். மூன்று மாத வேலை, நல்ல கூலி, குடியிருக்க இடம் என்று தோட்டங்களில் அறிவித்தனர். வேலையின்றிப் பட்டினி கிடந்த தமிழர் பலர் நம்பிப் போயினர். நம்பாதவரைப் பின்னர் பலவந்தமாகவும் பிடித்துச் சென்றனர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியுமாக அக்காட்டில் ஆள்கள் மடிந்தனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போர்க்கைதிகளில் ஏறக்குறைய 12,000 பேர் மாண்டனர் என்று கணக்கு உண்டு. தமிழர் முதலிய ஆசியக் கூலிகளுக்குப் பேரேடு வைப்பார் இல்லை. 90,000 வரை இறந்திருப்பர் என்பது மதிப்பீடு. ஒரு பார்சல் தவறினாலும் மூன்று ஏடுகளில் பதிவு செய்யும் இரயில்வே எழுத்தர் நாம். இரயில்பாதை போட்ட மனிதர் தவறியதற்கு ஓர் ஏட்டிலும் பதிவில்லை என்று எண்ணும்போது எம் நெஞ்சு பதைக்கிறது.

பாட்டியாரின் தமையனார் திரும்பவில்லை. 1946இல் மலாயாவிலிருந்து வந்த ஊர்க்காரர் ஒருவர், "சயாமுக்குப் போன வண்டியில் ஏறினதைப் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். இறந்த நாள் தெரியாமையால் திதி கொடுக்க நாள் இல்லை. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவல்லத்தில் தர்ப்பணம் செய்தார்கள். 2025 ஜனவரியில் வெளிவந்த கணக்கில் 'காணாமற் போனோர் 16 பேர்' என்று படித்தபோது, அத்திருவல்லத்து ஆற்றங்கரையே எம் கண்முன் நின்றது. அஞ்சுதெங்கு இளைஞருக்குக் காட்டிய ஆசையும், மலாயாத் தோட்டத்தில் காட்டிய ஆசையும் ஒன்றுதான்: நல்ல வேலை, நல்ல கூலி. போரைப் போர் என்று சொல்லாத நாவு, போர்முனையை வேலை என்று சொல்லவும் கூசுவதில்லை.

ருஷியாவிலும் மெய் இவ்வழியாகவே வீட்டுக்குள் நுழைகிறது. 1979 முதல் 1989 வரை சோவியத் படை ஆப்கானிஸ்தானில் போரிட்டது. தொடக்க ஆண்டுகளில் இறந்தோர் தொகையை அரசாங்கம் மறைத்தது. ஆனால் துத்தநாகத் தகடு அடித்த சவப்பெட்டிகள் ஊர் ஊராக வந்து இறங்கியதை மறைக்க இயலவில்லை. ஏறக்குறைய 15,000 வீரர் மாண்ட அப்போரைப் பற்றி மெய் பேசத் துணிந்தோரில் தாய்மார் முன்நின்றனர். அவ்வாறே, 2022 செப்டம்பர் 21இல் 3,00,000 பேரைப் படைக்கு அழைக்கும் ஆணை பிறந்ததும், அதுவரை தொலைக்காட்சிக்குள் இருந்த போர் வாசற்படி ஏறிற்று. இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து அயல்நாடுகளுக்கு ஓடினர். தாகெஸ்தானில் பெண்கள் தெருவில் இறங்கிக் காவலரை எதிர்த்து வாதாடினர். 2023இல், படைக்கு அழைக்கப்பட்டோரின் மனைவியர் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, தம் கணவரைத் திருப்பி அனுப்புமாறு கேட்டனர். அவருட் பலர் போர் கூடாது என்று சொல்லவில்லை. "எங்கள் ஆள் போதும், வீட்டுக்கு விடு" என்பதே அவர்கள் வேண்டுகோள். இதனைச் சுயநலம் என்று இகழ்வோர் உண்டு. நாம் அங்ஙனம் இகழமாட்டோம். எளிய மக்களின் போர் எதிர்ப்பு பெரும்பாலும் அடுப்படியில்தான் பிறக்கிறது. அரசியல் மேடைக்கு அது வந்து சேரக் காலம் பிடிக்கும்.

நம் நாட்டு அண்மை அனுபவமும் ஒன்று உண்டு. பகல்காமில் 2025 ஏப்ரல் 22இல் 26 பேர் கொல்லப்பட்டனர். மே 7இல் நம் படை எல்லைக்கு அப்பால் தாக்குதல் நடத்திற்று. 10ஆம் நாள் சண்டை நின்றது. இடையில் 8ஆம் நாள் இரவு, கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று தொலைக்காட்சிகள் சில முழங்கின. அச்செய்தி பொய். எம் குடியிருப்பு வரிசையில் நாகர்கோவில் பக்கத்து அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவர் மகன் வடக்கே படையில் சேவகம் செய்கிறான். அன்றிரவு வரிசை முழுதும் ஆரவாரம். அவ்வீட்டில் மட்டும் தொலைக்காட்சி அணைந்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பெட்டி ஆயிரம் சொல்லும் தம்பி. எம் பிள்ளை குரலைக் கேட்டாத்தான் எனக்குச் சேதி" என்றார். மடியில் தொலைபேசியை வைத்துக்கொண்டு விடியுமட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் நாட்டுப் பற்று இல்லாதவரா? பெற்ற மகனையே நாட்டுக்குக் கொடுத்தவர் அவர்.

ஒரு வேற்றுமையையும் மறவாமற் சொல்ல வேண்டும். அக்கராச்சிச் செய்தி பொய் என்று அடுத்த நாள்களிலேயே நம் பத்திரிகைகளில் எழுத முடிந்தது. நாமும் தெருவில் நின்று பேச முடிந்தது. கோரினோவுக்கு அவ்வுரிமை இல்லை. உரிமை உள்ள இடத்தில் வாய்மூடி இருப்பதற்கும், உரிமை இல்லாத இடத்தில் வாய்மூடி இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆகவே ருஷியக் குடியானவனைப் பழிக்கும் முன், அவனுக்கில்லாத உரிமையை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

இனி, நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர் நாம். நம் பிள்ளைகள் நாடு விட்டு நாடு போவதும் இயல்பே. போகட்டும். ஆனால் வெளிநாட்டு வேலை என்று எவர் வந்து சொன்னாலும், அவர் அரசாங்கத்தில் பதிவு பெற்ற முகவரா என்று முதலில் பாருங்கள். மத்திய அரசின் இ-மைகிரேட் இணையத்தளத்தில் அதனைச் சரிபார்க்கலாம். திருவனந்தபுரத்தில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகமும், கேரள அரசின் நோர்க்கா அலுவலகமும் உள்ளன. நேரில் சென்று கேட்பதில் வெட்கமில்லை. சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேரலாம் என்பார் பேச்சை நம்பாதீர்கள். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திட வேண்டா. போர் நடக்கும் நாட்டில் காவற்காரர் வேலைக்கு ஊரிலுள்ள சம்பளத்தைப் போல் பல மடங்கு தருவதாகச் சொன்னால், எதைக் காவல் காக்க என்று கேளுங்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு வழக்கம் வேண்டும். போர்ச் செய்தி வரும்போது பிள்ளைகள் நம் முகத்தைப் பார்க்கின்றனர். "இதைச் சொன்னவர் யார்? கண்ணால் கண்டவர் யார்? இதனால் யார் வீட்டுப் பிள்ளை போகிறான்?" என்னும் மூன்று கேள்விகளை அவர்கள் காதுபடக் கேட்டுப் பழகுவோம். வெளியில் எத்தனை முரசு முழங்கினாலும் அடுப்படியில் மெய் பேசும் வழக்கம் இருக்குமாயின், அந்த வீட்டுப் பிள்ளையை ஏமாற்றி வண்டியேற்றுவது எளிதன்று.